பெண் குணம் எங்கிருந்து வருகின்றது?

(ஒரு கிராமத்தில் நடந்த பெயர் சூட்டு வைபவத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்காக நாம் கூடியிருக்கின்றோம். புரோகிதர் இல்லை, ஓமப் புகை இல்லை, நட்சத்திரம் பார்த்து எழுத்துப் பொறுக்கவும் இல்லை. அதற்காகப் பெற்றோர்களைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாராட்டி விட்டுச் சாப்பிட்டுப் போவதற்கு மாத்திரம் நம்மை இவ்வளவு தூரம் அழைத்திருக்க மாட்டார்கள். ஆகவே நமக்குப் பட்டதைச் சொல்லிவிடப் போகின்றோம். சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். நாம் சொல்வதை நம்பியே தீர வேண்டும் என்கின்ற நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியில்லை என்று தோன்றினால் தள்ளிவிடுங்கள்.

சற்று முன் இந்தப் பந்தலில் ஒரு காட்சியைக் கவனித்தோம். குழந்தைக்கு வந்திருக்கும் வெகுமதிகளை அந்தப் பாயின் மேல் வைத்திருக்கின்றார்கள். வளையல், கொலுசு, ரோஸ் நிறத்தில் அரை டஜன் கவுன்கள், பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெட்டி நிறையச் சொப்புச் சாமான். அதில் அடுப்பு இருக்கின்றது, குக்கர் இருக்கின்றது, தோசைக்கல்கூட இருக்கின்றது. குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. அதற்குள் அடுப்பு வந்து சேர்ந்துவிட்டது! குழந்தைக்கு 4 வயதில் ஒரு தமையன் இருக்கின்றான். அவன் ஏங்கிப் போகக் கூடாது என்று அவனுக்கும் ஒன்றிரண்டு சாமான் கொண்டு வந்திருக்கின்றார்கள். அவை ஒரு லாரியும் ஒரு துப்பாக்கியும். அந்தப் பையன் லாரியை விட்டுவிட்டுத் தோசைக்கல்லை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தான். உடனே ஒரு பெரியவர், "அடே, அது பொம்பளைப் பிள்ளை சாமான், வை கீழே" என்றார். பையன் வெட்கப்பட்டுக் கீழே வைத்துவிட்டான். அந்தப் பெரியவரை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர் நல்ல மனதோடு சொன்னார். நாமும் நம் பேரனிடம் அப்படிச் சொல்லியிருப்போம். ஆனால் தோழர்களே, அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பையனுக்கு ஒரு பாடம் முடிந்து போயிற்று என்பதை நாம் யாராவது கவனித்தோமா?

பெண்களுக்கு அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கு குணங்கள் பிறவியிலேயே அமைந்தவை என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கின்றார்கள். இதில் பயிர்ப்பு என்றால் என்னவென்று நமக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. பண்டிதர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லுகின்றார்கள். ஆகையால் அதை விட்டுவிடுவோம். மற்ற மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம்.

முதலாவது அச்சம். 1976-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஒரு பரீட்சை செய்து அதன் முடிவை வெளியிட்டார்கள். 9 மாதக் குழந்தை ஒன்றைப் படம் பிடித்து, அப்படத்தைச் சுமார் 200 பேருக்குக் காட்டினார்கள். படத்தில் குழந்தையின் முன்னால் ஒரு பெட்டியிலிருந்து பொம்மை ஒன்று திடீரென்று எகிறிக் குதிக்கின்றது. குழந்தை வீறிடுகின்றது. பார்த்தவர்களில் ஒரு பகுதியாரிடம் அது ஆண் குழந்தை என்றும், மற்றவர்களிடம் அது பெண் குழந்தை என்றும் சொல்லப்பட்டிருந்தது. ஆண் என்று நினைத்துப் பார்த்தவர்கள், குழந்தைக்குக் கோபம் வந்துவிட்டது என்றார்கள். பெண் என்று நினைத்துப் பார்த்தவர்கள், குழந்தை பயந்துவிட்டது என்றார்கள். குழந்தை ஒன்றே, படம் ஒன்றே, அழுகையும் ஒன்றே! அப்படியானால் அந்த அச்சம் குழந்தையிடம் இருந்ததா, பார்த்தவர்கள் கண்ணில் இருந்ததா?

கோபம் வந்த பிள்ளைக்கு நாம் என்ன செய்கின்றோம்? விட்டுக் கொடுக்கின்றோம், சிரிக்கின்றோம், "பார், எவ்வளவு ரோஷம்" என்று மெச்சுகின்றோம். பயந்த பிள்ளைக்கு என்ன செய்கின்றோம்? தூக்கி இடுப்பில் வைத்துக் கொள்ளுகின்றோம், பொம்மையை எடுத்து அப்பால் வைக்கின்றோம். பத்து வருஷம் இப்படி நடந்தால் ஒன்று ரோஷக்காரனாகவும் ஒன்று பயந்தாங்கொள்ளியாகவும் ஆகாமல் வேறு எப்படி ஆகும்?

இன்னொரு பரீட்சை 2000-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. தவழுகின்ற 11 மாதக் குழந்தைகளின் தாய்மார்களை அழைத்து, சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு பலகையைக் காட்டி, "உங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்து வரையில் இறங்கும்?" என்று கேட்டார்கள். ஆண் குழந்தையைப் பெற்ற தாய்மார் உள்ளதற்கு மேலாகச் சொன்னார்கள். பெண் குழந்தையைப் பெற்றவர்கள் உள்ளதற்குக் கீழாகச் சொன்னார்கள். குழந்தைகளை இறங்க விட்டுப் பார்த்தபோதோ, இரண்டு தரத்தாரும் ஒன்றுபோலவே இறங்கினார்கள். பெற்ற தாய், தன் பெண்ணின் கால் பலத்தைப் பற்றியே குறைவாக எண்ணியிருந்தாள். தாயிடத்தில் அன்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அன்போடுதான் இக்காரியம் நடக்கின்றது என்பதுதான் இதிலுள்ள கஷ்டம்.

இரண்டாவது மடம். மடமென்றால் தெரியாமை என்றும், தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது என்றும் சொல்லுவார்கள். இதற்கும் ஒரு பரீட்சை உண்டு. 2017-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், அமெரிக்கக் குழந்தைகளிடம் மகா புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, ஆண் படங்களையும் பெண் படங்களையும் காட்டி, "இவர்களில் யார் அந்தப் புத்திசாலி?" என்று கேட்டார்கள். 5 வயதில் ஆண் பிள்ளைகள் ஆணையும் பெண் பிள்ளைகள் பெண்ணையும் காட்டினார்கள். அவரவருக்கு அவரவர் இனம் உசத்தி. 6, 7 வயதுக்கு வந்தவுடன் பெண் பிள்ளைகள் தங்கள் இனத்தைக் காட்டுவது குறைந்துவிட்டது. "இது மிகவும் புத்திசாலிகள் ஆடுகின்ற ஆட்டம்" என்று ஓர் ஆட்டத்தைச் சொன்னால் அதிலிருந்து விலகிக் கொள்ளவும் ஆரம்பித்தார்கள். 5 வயதில் இல்லாதது 6 வயதில் எப்படி வந்தது? ஒரு வருஷத்தில் மூளை சுருங்கிவிட்டதா? நம் நாட்டிலோ பல வருஷங்களாக பிளஸ் 2 பரீட்சையில் தேறுகின்றவர்களின் விகிதத்தில் பெண்கள்தான் ஆண்களுக்கு மேலே நிற்கின்றார்கள். அப்படியிருந்தும் 'பெண் புத்தி பின் புத்தி' என்ற பழமொழியை நம்மவர்கள் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட வாய் கூசாமல் சொல்லுகின்றார்கள்.

இங்கு ஒரு தோழர், "சரி, அமெரிக்காவிலும் இப்படித்தான், இங்கும் இப்படித்தான், எங்கும் ஒன்றாக இருந்தால் அது இயற்கைதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நாம் மேகாலயா வரையில் போக வேண்டும். அங்கே காசி என்றொரு மலைவாசி ஜனங்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்குள் குலப்பெயர் தாய் வழியாக வருகின்றது. குடும்பச் சொத்து கடைசிப் பெண்ணுக்குப் போய்ச் சேருகின்றது. கலியாணமான ஆண் பெண் வீட்டுக்குப் போகின்றான். ஆப்பிரிக்காவில் தான்சானியா தேசத்தில் மாசாய் என்ற மாடு மேய்க்கும் ஜனங்கள் இருக்கின்றார்கள். அங்கே எல்லாம் ஆண் வைத்ததுதான் சட்டம். அமெரிக்கப் பொருளாதாரப் பண்டிதர்கள் மூவர் இவ்விரண்டு இடத்துக்கும் போய் ஒரே ஆட்டத்தை நடத்தி 2009-ல் எழுதினார்கள். டென்னிஸ் பந்தைத் தூர நின்று ஒரு வாளியில் போட வேண்டும். விழுந்த பந்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக் கொள்ளலாம். அல்லது, முகந்தெரியாத இன்னொருவரோடு பந்தயம் கட்டி, ஜெயித்தால் மூன்று மடங்கு வாங்கலாம். மாசாய்களில் ஆண்களில் 100-க்கு 50 பேரும், பெண்களில் 26 பேரும் பந்தயத்துக்கு வந்தார்கள். காசிகளில் பெண்களில் 100-க்கு 54 பேர் வந்தார்கள். ஆண்களில் 39 பேர்தான். பந்தயம் என்றால் ஆண் பிள்ளை மீசை துடிக்கும் என்பது இயற்கையானால், அந்த மீசை காசி மலையில் ஏன் துடிக்கவில்லை?

இதைக் கொண்டு அங்கே பெண்ணரசு நடக்கின்றது என்று யாரும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அவர்களுடைய பரம்பரையான ஊர்ச் சபையில் வெகுகாலம் பெண்களுக்கு இடமே இல்லை. அங்குள்ள ஆண்களோ, தங்களுக்கு உரிமை வேண்டுமென்று சங்கம் வைத்துக் கேட்கின்றார்கள். அதில் நமக்குச் சிரிப்பும் வருகின்றது, அனுதாபமும் வருகின்றது. சொத்து எந்தக் கையில் போகின்றதோ அந்தக் கைக்குத் தைரியம் கூடச் சேர்ந்து போகின்றது என்கின்ற அளவுக்கு மாத்திரம் அந்த ஆட்டத்திலிருந்து எடுத்துக் கொள்ளுவோம்.

நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பாய் மேல் இருக்கும் கவுன்கள் எல்லாம் ரோஸ் நிறம் என்று சொன்னோமல்லவா? 1918-ல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்காக நடந்த ஒரு பத்திரிகை, ரோஸ் நிறம் அழுத்தமானதாகையால் ஆண் குழந்தைக்கு ஏற்றது என்றும், நீலம் மிருதுவானதாகையால் பெண் குழந்தைக்கு ஏற்றது என்றும் எழுதிற்று. அதே தேசத்தில் நான்கு தடவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1884-ல் இரண்டரை வயதில் எடுத்த போட்டோ ஒன்று இருக்கின்றது. நீண்ட தலைமயிரும் கவுனுமாக உட்கார்ந்திருக்கின்றார். அதனால் பின்னால் அவர் யுத்தம் நடத்துவதற்கு ஒன்றும் குறைவு வந்துவிடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாட்டன்மார்கள் குடுமி முடிந்து, காதில் கடுக்கன் போட்டுக் கொண்டு, மீசையையும் முறுக்கிக் கொண்டுதானே இருந்தார்கள்?

நிற்க. நாம் பகுத்தறிவு பேசுகின்றவர்களாகையால், நமக்கு அனுகூலமானதை மாத்திரம் சொல்லிவிட்டுப் பிரதிகூலமானதை மறைத்துவிடக் கூடாது. எல்லாம் வளர்ப்புத்தான், மனிதனைக் களிமண் போல் பிசைந்து எப்படியும் ஆக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1965-ல் கனடாவில் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளில் ஒன்றுக்குச் சுன்னத்து செய்தபோது ஏற்பட்ட விபத்தில் குறி அழிந்து போயிற்று. அமெரிக்காவிலிருந்த ஜான் மணி என்ற உளநூல் பண்டிதர், அதைப் பெண்ணாக வளர்த்தால் பெண்ணாகிவிடும் என்று யோசனை சொன்னார். அப்படியே பெண் பெயர் வைத்து, பெண் உடை உடுத்தி வளர்த்தார்கள். ஜெயமாகிவிட்டது என்று அவர் புத்தகத்திலும் எழுதினார். ஆனால் குழந்தைக்கு அது ஒரு நாளும் ஒட்டவில்லை. 14-ஆம் வயதில் உண்மை தெரிந்தவுடன் ஆணாகவே வாழத் தொடங்கி, டேவிட் ரைமர் என்ற பெயரோடு இருந்து, 2004-ல் தன் 38-ஆம் வயதில் தற்கொலை செய்து கொண்டார்.

ஆகவே, தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ ஒருவர் உள்ளுக்குள் அறிவது வேறு. அப்படி அறிந்தவர் கையில் நாம் துடைப்பத்தைக் கொடுப்பதா புத்தகத்தைக் கொடுப்பதா என்பது வேறு. முன்னது நம் இஷ்டப்படி ஆவதல்ல. அது தெரியாமல்தான் நம் ஊர்களில், "நீ ஆண் பிள்ளையாகப் பிறந்துவிட்டு ஏனடா இப்படி நடக்கின்றாய்?" என்று அடித்தும் சூடு போட்டும், எத்தனையோ பிள்ளைகளை வீட்டை விட்டுத் துரத்தினோம். அவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் ஏற்பட 2008 வரையிலும், நீங்களும் மனிதர்கள்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்ல 2014 வரையிலும் ஆயிற்று. மாற்ற முடியாததை அடித்து மாற்றப் பார்க்கின்றோம். நாம் உண்டாக்கியதையோ, இது மாறாது, பிறவிக் குணம் என்கின்றோம். நம் மூளை வேலை செய்கின்ற அழகு இது!

சமையல் பெண்ணின் பிறவிக் குணமென்றால், கலியாண வீட்டில் சமையற்காரர் ஏன் ஆணாக இருக்கின்றார்? ஓட்டலில் பரோட்டா போடுகின்ற மாஸ்டர் எந்த ஊரில் பெண்? தைப்பது பெண் வேலை என்றால் தையற்கடை நடத்துகின்றவர்களில் ஆண்கள் எத்தனை பேர்? கூலி வருகின்ற இடத்தில் கரண்டி ஆண் கைக்கு வந்துவிடுகின்றது. கூலி இல்லாத இடத்தில் அது பெண்ணின் இயற்கையாகி விடுகின்றது. 2019-ல் சர்க்காரே எடுத்த கணக்கு ஒன்று இருக்கின்றது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களில் கூலியில்லாத வீட்டு வேலை செய்கின்ற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவழிக்கின்றார்கள். செய்கின்ற ஆண்கள் 97 நிமிஷம். அதிலும் பெண்களில் 100-க்கு 81 பேர் செய்கின்றார்கள். ஆண்களில் 26 பேர்தான். கணக்கு 6 வயதிலிருந்து ஆரம்பிக்கின்றது என்பதைக் கவனியுங்கள்!

மூன்றாவதாகிய நாணத்துக்கு நாம் வேறு தேசத்துப் பரீட்சை எதையும் தேட வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே நடந்தது ஒன்று இருக்கின்றது. இதை மேடையில் சொல்வதற்கு நமக்கு வெகுநாள் தைரியம் இல்லாமல் இருந்தது.

நமக்கு ஒரு தமக்கையார் உண்டு. நம்மைவிட 2 வயது மூத்தவர். நமக்குப் பின்னக் கணக்கு ஏறாமல் அழுது கொண்டிருந்த காலத்தில், கொட்டாங்குச்சியையும் புளியங்கொட்டையையும் வைத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நம் தகப்பனார் கருப்புச் சட்டைக்காரர். ஊரில் சுயமரியாதைக் கலியாணம் நாலைந்து நடத்தி வைத்தவர். 1974-ல், தமக்கையார் 8-ஆம் வகுப்பு முடிக்கின்ற சமயத்தில் பெரியவளானார். தகப்பனார் அதற்குத் தீட்டு என்று சொல்லவில்லை. தாய்மாமன் பச்சை ஓலைக் குடிசை கட்ட வந்தபோது திருப்பி அனுப்பினார். மஞ்சள் நீராட்டு கிடையாது என்றார். ஊரெல்லாம் அதை ஒரு மாதம் பேசிற்று. ஆனால் ஹைஸ்கூல் 4 மைலுக்கு அப்பால் இருந்தது. "வயசுப் பிள்ளையை எப்படித் தனியாக அனுப்புவது?" என்றார். அத்தோடு படிப்பு நின்றது. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் நமக்கு அதே 4 மைலுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மூடநம்பிக்கை ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. புரோகிதன் இல்லை, பஞ்சாங்கம் இல்லை. அப்படியிருந்தும் வேலை முடிந்துவிட்டது. சைக்கிளில் ஏறிப் போகும்போது அவர் திண்ணையில் அரிசி புடைத்துக் கொண்டிருப்பார். "இவர் ஏன் வரவில்லை?" என்று ஒரு நாள்கூட நமக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதுதான் நம்முடைய வளர்ப்பு.

அவரும் அழவில்லை, கேட்கவில்லை. "அடக்கமான பெண்" என்று ஊரார் புகழ்ந்தார்கள். ஆண்கள் வந்தால் உள்ளே போய்விடுவார். குரல் தணிந்து போயிற்று. 14 வயதில் இதையெல்லாம் பார்த்த ஒருவர், "பார், பெண்ணுக்கு நாணம் தானாக வருகின்றது" என்று சொல்லியிருந்தால், நாமும் ஆமாமென்றுதான் தலையாட்டியிருப்போம்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். 1956-ல் வந்த சட்டத்தால் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் சம பங்கு என்றாயிற்று. பரம்பரைச் சொத்திலும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் சட்டம் வந்தது. நம் தகப்பனார் 1998-ல் இறந்தார். உயில் இல்லை. அவர் உழைத்து வாங்கிய 3 ஏக்கர் புஞ்சை இருந்தது. மறு வருஷம் தமக்கையாரைச் சார்பதிவாளர் ஆபீசுக்கு அழைத்துக் கொண்டு போனோம். அவர் பங்கை நமக்கு விட்டுக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று அப்போது யோசிக்கவில்லை. "கலியாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், தீர்ந்தது" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக் கொண்டோம். சார்பதிவாளர் அவரை, "யாராவது நிர்ப்பந்தம் செய்தார்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, மனசாரத்தான்" என்றார் தமக்கையார். அது வாஸ்தவம். நாங்கள் ஒருவரும் அவரை நிர்ப்பந்தம் செய்யவில்லை. அதெல்லாம் 1974-லேயே செய்து முடிந்துவிட்டிருந்தது.

பல வருஷம் கழித்து ஒரு நாள், "அக்கா, அன்று ஏன் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாய்?" என்று கேட்டோம். "போடலேன்னா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு நான் எந்த வீட்டுக்குத் தம்பி வருவேன்?" என்றார். 2017-ல் அவர் பாகத்தை அவர் பேருக்கே செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்தோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 18 வருஷம் அனுபவித்துவிட்டு வட்டியில்லாமல் திருப்பிய கடன் அது. படிப்பைத் திருப்பிக் கொடுக்க எந்த ஆபீசில் பத்திரம் எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே கூடியிருக்கின்ற தோழர்களே, சட்டம் இருக்கின்றது, தீர்மானம் இருக்கின்றது. ஆனால் கையெழுத்துப் போடுகின்ற கையை 5 வயதிலேயே நாம் பழக்கி வைத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? "அண்ணனுக்கு விட்டுக் கொடு, நீ பெண் பிள்ளை" என்று முட்டையில் ஆரம்பிக்கின்றோம். அவனுக்கு ஒரு முழு முட்டை, இவளுக்குப் பாதி. அப்புறம் அவனைக் காசு கொடுத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கும், இவளைச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகின்றோம். சர்க்கார் பள்ளிக்கூடம் மட்டம் என்று நாம் சொல்லவில்லை. மட்டமில்லை என்றால் மகனையும் அங்கேயே அனுப்பலாமே என்றுதான் கேட்கின்றோம். அப்புறம் அவனுக்கு செல்போன், இவளுக்கு, "கையில் போன் இருந்தால் கெட்டுப் போவாள்." முட்டையில் விட்டுக் கொடுத்தவள் நிலத்திலும் விட்டுக் கொடுக்கின்றாள். அவள் தியாகி என்று நாம் மேடையில் புகழ்கின்றோம்.

ஆண் பிள்ளைக்கும் இதில் நஷ்டமில்லாமலில்லை. "பொட்டைப் பிள்ளை மாதிரி அழாதே" என்று அவன் அழுகையைப் பிடுங்கிக் கொள்ளுகின்றோம். பசித்தால் அவனுக்கு ஒரு உலை வைக்கத் தெரியாது. மனைவி நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால், 50 வயது ஆண் பிள்ளை தன் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கின்றது என்று தெரியாமல் நிற்கின்றான். அதையும் ஆண்மை என்கின்றார்கள்!

இவ்வீட்டாரிடம் நமக்குக் கேட்க இருப்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அந்தச் சொப்புச் சாமானைத் தூக்கி எறிய வேண்டாம். அதை அந்தப் பையனிடமே கொடுத்து விடுங்கள். அவன் ஆசைப்பட்டுத்தானே எடுத்தான்? லாரியைத் தங்கச்சி தவழும்போது அவள் பக்கத்தில் போடுங்கள். அவள் அதை உருட்டாமல் வளையலைத்தான் எடுக்கின்றாள் என்றால் எடுக்கட்டும். அதையும் தடுக்க வேண்டாம். துப்பாக்கியை மாத்திரம் இருவருக்கும் இல்லாமல் கொண்டு வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது நம் அபிப்பிராயம். அவளுக்கு 13 வயதாகின்றபோது இதே பந்தலைப் போட்டு, பிளெக்ஸ் பானர் கட்டி, ஊரைக் கூட்டி, அவள் உடம்பில் நடந்ததை விளம்பரம் செய்யாமலிருந்தால், நாம் உயிரோடிருந்தால் அதற்கும் வந்து பாராட்டுவோம். ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். அந்த வருஷம் சைக்கிள் யாருக்கு என்பதையும் நாம் கேட்போம்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருமகள் சரியாக வளர்க்கப்படவில்லை என்று நீங்கள் சம்பந்தி வீட்டாரைக் குறை சொல்லுகின்றீர்களே, மகனைச் சரியாக வளர்த்தோமா என்று யாராவது கேட்டதுண்டா? அவன் தின்ற தட்டை அவன் கழுவ ஆரம்பிக்க 4 வயது போதும்.

பெற்றோர்கள் சற்று முன் பெயரை நம் காதில் சொன்னார்கள். மதி என்று வைக்கின்றார்கள். ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் பெயரை மாத்திரம் பார்த்தால் எந்தப் பக்கம் உட்கார வைப்பதென்று வாத்தியாருக்கே தெரியாது. நமக்கு அது மிகவும் பிடித்திருக்கின்றது. குழந்தைக்கு மதி என்று பெயர்.

சாப்பாடு தயாராயிருப்பதாகச் சொல்லுகின்றார்கள். முதல் பந்தியில் தாய்மார்கள் உட்கார வேண்டும். காலையிலிருந்து நின்று கொண்டிருக்கின்றார்கள். பரிமாறுவது வாலிபத் தோழர்கள்; இலை எடுப்பதற்கு நாமும் தலைவரவர்களும் ஒப்புக் கொண்டிருக்கின்றோம். டம்ளர் வைக்கின்ற வேலையை மதியின் அண்ணன் கேட்டு வாங்கிக் கொண்டான். அவனை யாரும் தடுக்க வேண்டாம்.